பழைய ரேடியோ பாடவில்லையா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கலாம்

பரணிலிருந்து இறக்கிய ரேடியோவைத் துடைத்த கையோடு பிளக்கில் சொருகாதீர்கள். முப்பது வருஷம் தூங்கிய பெட்டிக்கு ஒரேயடியாக 230 வோல்ட் கொடுத்தால், அதுவரை நன்றாக இருந்த டிரான்ஸ்பார்மரும் சேர்ந்து போய்விடும், அப்புறம் அதைச் சுற்றித் தர ஆள் தேடி அலைய வேண்டும். மர்ஃபி, புஷ், பிலிப்ஸ், டெலிராட், எச்.எம்.வி. எதுவானாலும் இதுதான் கதை.

முதலில் பின்பலகையைக் கழற்றிப் பாருங்கள். கண்ணாடிக் குப்பிகள் வரிசையாக நின்றால் வால்வு செட். பேட்டரி கட்டை போடும் குழி இருந்தால் டிரான்சிஸ்டர் செட், அதற்கு இந்தப் பயமெல்லாம் வேண்டாம், நேராகக் கீழே அந்தப் பகுதிக்குப் போய்விடலாம். வால்வு செட் என்றால் உள்ளே குளவிக்கூடு, பல்லி முட்டை, எலி கடித்த வயர் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பெயின்ட் பிரஷ் கொண்டு தூசியைத் தட்டுங்கள். ஈரத்துணி கூடாது. டயல் கண்ணாடியின் உள்பக்கத்தைத் தொடவே தொடாதீர்கள். ஊர்ப் பெயர்களும் எண்களும் உள்பக்கம்தான் அச்சடித்திருக்கும், அந்தப் பெயின்ட் ஐம்பது வருஷத்தில் பொடியாகியிருக்கும். எங்கள் பெரியப்பா வீட்டுப் பெட்டியில் கொழும்பு, டெல்லி, கராச்சி மூன்றையும் ஒரே துடைப்பில் நான்தான் அழித்தேன். இன்றைக்கும் அந்த இடம் வெறும் கண்ணாடிதான்.

அடுத்தது சீரிஸ் பல்பு, அதாவது தொடர் பல்பு. ஒரு ஹோல்டரில் 60 அல்லது 100 வாட் குண்டு பல்பு, எல்.இ.டி. அல்ல, பழைய இழை பல்பு. அதை பேஸ் வயரில் தொடராகப் போட்டு அதன் வழியாக ரேடியோவுக்குக் கரண்ட் கொடுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து சில விநாடிகளில் மங்கினால் நல்ல சகுனம், வால்வுகளின் இழை சூடாகிறது என்று அர்த்தம். பளிச்சென்று அப்படியே நின்றால் உள்ளே ஷார்ட், உடனே எடுத்துவிடுங்கள். எரியவே இல்லை என்றால் எங்கோ அறுந்திருக்கிறது. இந்த ஒரு ரூபாய் வைத்தியம் செய்யாமல் எத்தனையோ பெட்டிகள் புகைந்திருக்கின்றன. பின்பக்கம் வோல்டேஜ் செலக்டர் இருந்தால் அது 240இல் இருக்கிறதா என்றும் பாருங்கள், 110இல் யாராவது வைத்திருந்தால் கதை முடிந்தது.

இன்னொன்று, இது உயிர் விஷயம். பல வால்வு செட்டுகளில் பவர் டிரான்ஸ்பார்மரே கிடையாது. பின்னால் ஏசி/டிசி என்று போட்டிருக்கும், வால்வுகளின் பெயர் யு என்ற எழுத்தில் தொடங்கும், யுசிஹெச்81, யுசிஎல்82, யுஒய்85 என்று. இந்தப் பெட்டிகளில் பாகங்களைப் பொருத்தியிருக்கும் சேஸிஸ் தகரம் நேராக மெயின்ஸின் ஒரு வயரோடு சேர்ந்தது. பிளக்கை எந்தப் பக்கமாகச் சொருகினீர்கள் என்பதைப் பொறுத்து அந்தத் தகரத்தில் நியூட்ரல் வரலாம், பேஸும் வரலாம். குமிழைக் கழற்றிவிட்டுத் தண்டைத் தொட்டால் போதும். அதனால் இரண்டு பின் பிளக்கைத் தூக்கிப் போட்டுவிட்டு மூன்று பின் பிளக் மாட்டுங்கள், பெரிய பின்னைக் காலியாக விட்டுவிடுங்கள், எர்த்தை சேஸிஸில் கொடுக்கவே கூடாது. சுவரில் இருக்கும் சாக்கெட்டில் பெரிய துளை மேலே இருக்கும்போது வலப்பக்கத் துளையில் பேஸ் வர வேண்டும், உங்கள் வீட்டு எலக்ட்ரீஷியன் மாற்றிக் கொடுத்திருந்தால் அதையும் சரிசெய்யுங்கள். பிறகு டெஸ்டரை சேஸிஸில் வைத்து ரேடியோ ஆன், ஆஃப் இரண்டு நிலையிலும் பாருங்கள். ஆஃபில் இருந்தால் ஆபத்தில்லை என்று நினைப்பவர்கள் அதிகம். சுவிட்ச் சேஸிஸ் பக்க வயரில் இருந்தால் வால்வு இழைகள் வழியாக ஆஃபிலும் பேஸ் வந்து நிற்கும். சரி, இனி கோளாறுக்கு வருவோம்.

ரேடியோ உயிரோடு இருக்கிறது, ஒரு ஸ்டேஷனும் இல்லை

இன்றைய தேதியில் என்னிடம் வரும் புகார்களில் பாதி இதுதான், அதில் பாதிக்கு ரேடியோவில் கோளாறே இல்லை. சிற்றலையில் பிபிசி தமிழோசையைத் தேடுகிறார்கள். அது 2017இல் நின்றுவிட்டது. ஆகாசவாணியும் சிற்றலை ஒலிபரப்பிகள் பலவற்றை மூடிவிட்டது, மத்திய அலையிலும் நிறைய குறைந்துவிட்டன. ஆகவே பெட்டியைப் பிரிப்பதற்கு முன், பக்கத்து வீட்டில் இருக்கும் வேலை செய்கிற ஒரு டிரான்சிஸ்டரை வாங்கிவந்து அதே நேரத்தில், அதே அறையில் என்ன எடுக்கிறது என்று பாருங்கள். அதில் வராதது இதில் வரவில்லை என்றால் வருத்தப்பட ஒன்றுமில்லை.

தேட வேண்டிய இடம் மத்திய அலை. சென்னை 720, திருச்சி 936, கோவை 999, நெல்லை 1197, மதுரை 1269 கிலோஹெர்ட்ஸ் என்பவை தமிழ்நாட்டுக் காதுகளுக்குப் பழகிய எண்கள். பழைய டயலில் கிலோஹெர்ட்ஸ் இல்லாமல் மீட்டர் மட்டும் போட்டிருந்தால் 300000ஐ அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளுங்கள். திருச்சி 320.5 மீட்டர், மதுரை 236.4 மீட்டர். அறிவிப்பாளர்கள் இரண்டையும் சேர்த்துச் சொல்வார்களே, அது இதற்குத்தான்.

பகலில் ஒன்றிரண்டு மட்டும் வருவதும், ராத்திரி எட்டு மணிக்கு மேல் நாலைந்து நிலையங்கள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி வருவதும் கோளாறு இல்லை. பகலில் வெயிலால் உருவாகும் அயனி மண்டலத்தின் கீழடுக்கு மத்திய அலையை விழுங்கிவிடுகிறது, சூரியன் சாய்ந்ததும் அந்த அடுக்கு கரைந்து, அலை மேலடுக்கில் பட்டுத் தூரத்தில் வந்து இறங்குகிறது. ஆகவே பழைய ரேடியோவைச் சோதிக்க நல்ல நேரம் இரவுதான், அதுவும் மழை இடி இல்லாத இரவு.

அப்புறம் ஏரியல். அந்தக் காலத்தில் கூடத்தில் சுவருக்குச் சுவர் செம்புக் கம்பியில் பின்னிய பட்டை ஒன்று தொங்குமே, அது அழகுக்கு இல்லை. வெள்ளையடிக்கும்போது கழற்றிப் போட்டவர்கள் திரும்பக் கட்டவில்லை. பல வால்வு செட்டுகளுக்கு உள்ளே ஏரியலே கிடையாது, பின்னால் இருக்கும் ஏரியல் சாக்கெட்டில் கம்பி கொடுத்தால்தான் உண்டு. மொட்டை மாடியில் பத்து மீட்டர் வயரை இரண்டு கம்பங்களுக்கு நடுவே கட்டி, ஜன்னல் வழியாகக் கீழே கொண்டுவந்தால் வித்தியாசம் உடனே தெரியும். ஈபி லைனுக்கு மேலேயோ கீழேயோ போகக்கூடாது, இடி மழை வந்தால் ஏரியலைப் பிடுங்கி வெளியே போட்டுவிட வேண்டும். பெட்டிக்குள் கறுப்புக் குச்சி மாதிரி ஃபெர்ரைட் ஏரியல் இருந்தால் வயர் வேண்டாம், பெட்டியை மெல்லத் திருப்புங்கள், ஒரு திசையில் ஒலி எழும், அதற்குச் செங்குத்தான திசையில் படுத்துவிடும்.

ஸ்டேஷன் வருகிறது, மேலே ஒரே கரகரப்பு

பெட்டியைக் குறை சொல்வதற்கு முன் வீட்டைச் சந்தேகப்படுங்கள். எல்.இ.டி. பல்பு, போன் சார்ஜர், எலெக்ட்ரானிக் ஃபேன் ரெகுலேட்டர், இன்வெர்ட்டர், டிவியின் செட்டாப் பாக்ஸ், இவையெல்லாம் மத்திய அலையில் சத்தம் போடுபவை. பெரியப்பா காலத்தில் இவற்றில் ஒன்றுகூட இல்லை என்பதால்தான் அப்போது திருச்சி அவ்வளவு சுத்தமாக வந்தது. பேட்டரியில் ஓடும் சின்ன டிரான்சிஸ்டரை ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்துக் கையில் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள், எங்கே இரைச்சல் கூடுகிறதோ அங்கே குற்றவாளி இருக்கிறான். ஆள் அகப்படவில்லை என்றால் மெயினை அணைத்துப் பாருங்கள். அணைத்ததும் நிசப்தமானால் உங்கள் வீடு, அப்படியே இருந்தால் பக்கத்து வீடு அல்லது தெருவிளக்கு. எனக்கு மாட்டியது படுக்கையறையில் இருந்த மலிவான சார்ஜர், ஒன்றும் சார்ஜ் ஆகாதபோதுகூட அது கத்திக்கொண்டிருந்தது.

உயிரே இல்லை, டயல் பல்பும் எரியவில்லை

மெயின்ஸ் வயர், ஃபியூஸ், வால்யூம் குமிழோடு சேர்ந்த சுவிட்ச், இந்த மூன்றில் ஒன்றாகத்தான் பெரும்பாலும் இருக்கும். ரப்பர் வயர் என்றால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள், வளைத்தால் உதிர்ந்து கொட்டும்.

டிரான்ஸ்பார்மர் இல்லாத யு வகை செட் என்றால் வால்வு இழைகள் எல்லாம் பழைய கல்யாண சீரியல் பல்பு மாதிரி தொடராக இருக்கும், ஒன்று போனால் எல்லாம் போச்சு. பிளக்கை எடுத்துவிட்டு வால்வுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து 4, 5 ஆம் பின்களுக்கு நடுவே பாருங்கள். கண்ணாடி அடியில் ஒன்பது பின் இருக்கிற இந்த வகை ரேடியோ வால்வுகளில் இழை பெரும்பாலும் அந்த இரண்டு பின்களில்தான். அடிப்பக்கத்தைப் பார்த்து, இடைவெளி விட்ட இடத்திலிருந்து கடிகாரச் சுற்றாக எண்ண வேண்டும். எல்லா வால்வும் நன்றாக இருந்தால் டிராப்பர் ரெசிஸ்டரைப் பாருங்கள், வெள்ளைப் பீங்கான் குழாயில் கம்பி சுற்றியிருக்கும். யுசிஹெச்81க்கு 19 வோல்ட், யுபிஎஃப்89க்கு 19, யுசிஎல்82க்கு 50, யுஒய்85க்கு 38, கூட்டினால் 126 ஆகிறது. மீதி நூறு வோல்ட்டுக்கு மேல் அந்த ரெசிஸ்டர் தலையில்தான், 0.1 ஆம்பியர் கணக்கில் ஆயிரம் ஓம் அளவுக்கு இருக்கும், பத்து வாட் சூட்டை வருஷக்கணக்கில் தாங்கித் தாங்கி ஒருநாள் அறுந்துவிடும்.

ஆட்கள் எடுத்தவுடனே வால்வு எங்கே கிடைக்கும் என்றுதான் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் வால்வு கடைசிச் சந்தேகம். பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) தயாரித்த வால்வுகள் இன்றும் பழைய பெட்டிகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. வயசாவது கன்டென்சர்களுக்குத்தான்.

பல்பு எரிகிறது, வால்வும் சிவக்கிறது, சத்தம் இல்லை

ஒரு நிமிடமாவது பொறுங்கள், வால்வு சூடாகாமல் பாடாது. பின்னாலுள்ள பிக்கப் சாக்கெட்டையும் கிராம் என்று போட்டிருக்கும் பட்டனையும் பாருங்கள், யாரோ கிராமஃபோன் நிலையில் விட்டிருந்தால் ரேடியோ பேசாது. சிரிக்காதீர்கள், நான் ஒரு முழு மாலையை இதில் தொலைத்திருக்கிறேன்.

அதுவும் சரி என்றால் ஸ்பீக்கர். பிளக்கை எடுத்துவிட்டு, ஒரு 1.5 வோல்ட் கட்டையின் இரு முனைகளை ஸ்பீக்கர் முனைகளில் தொட்டு எடுங்கள், டப் டப் என்று கேட்டால் ஸ்பீக்கர் நலம். செட் ஓடும்போது ஸ்பீக்கர் வயரைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் இருக்கலாம், வால்வு செட்டில் செய்தால் கடைசி வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் அடிவாங்கும்.

அந்த அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் உள் சுற்று அறுந்திருந்தால் ஒரு அடையாளம் கண்ணாலேயே தெரியும். கடைசி வால்வுக்குள் ஸ்க்ரீன் கம்பிச் சுருள் செக்கச் செவேல் என்று பழுக்கும். பார்த்த நொடியே அணைத்துவிடுங்கள். ஆனோடுக்குப் போக வழியில்லாத கரண்ட் முழுவதும் ஸ்க்ரீன் வழியாகப் பாய்கிறது, நாலு நிமிடம் விட்டால் வால்வும் செலவு. அணைத்த பின் மீட்டரில் அந்தச் சுற்று சில நூறு ஓம் காட்ட வேண்டும், எதுவுமே காட்டாவிட்டால் அறுந்தது உறுதி.

ஸ்பீக்கரில் லேசாக உஸ் என்ற மூச்சு இருக்கிறது, ஆனால் எந்தப் பேண்டிலும் ஸ்டேஷன் இல்லை என்றால் ஆஸிலேட்டர், அதாவது பெட்டிக்குள்ளேயே ஒரு அலையை உண்டாக்கும் பகுதி, நின்றிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்க மெக்கானிக்குகளின் பழைய தந்திரம் ஒன்று, கருவி எதுவும் வேண்டாம். நல்ல டிரான்சிஸ்டர் ஒன்றில் 1000க்கு மேலே உள்ள ஒரு ஸ்டேஷனைப் பிடித்து, சந்தேகத்துக்குரிய பெட்டியின் பக்கத்தில் வையுங்கள். 1269இல் மதுரை எடுக்கும் ஊர் என்று வைத்துக்கொள்வோம். இப்போது பெரிய பெட்டியின் முள்ளை 814 பக்கமாக மெதுவாக நகர்த்துங்கள். ஆஸிலேட்டர் வேலை செய்தால் அந்த இடத்தைக் கடக்கும்போது சின்ன ரேடியோவில் உய்ய்ங் என்று ஒரு விசில் கேட்கும். பெட்டியின் ஆஸிலேட்டர் முள் காட்டும் எண்ணைவிட 455 கிலோஹெர்ட்ஸ் மேலே ஓடும், அதுதான் கணக்கு. சில ஐரோப்பிய செட்டுகளில் 455 இல்லாமல் 452, 470 என்று இருக்கும், அக்கம்பக்கம் நகர்த்திப் பாருங்கள். விசிலே இல்லை என்றால் முதல் வால்வையும் பேண்ட் சுவிட்சையும் பாருங்கள்.

இந்த இடத்தில் ஒரு வேண்டுகோள். சேஸிஸ் மேலே சதுர அலுமினிய டப்பாக்கள் இரண்டு இருக்கும், உச்சியில் திருகு தெரியும், ஐ.எஃப்.டி. என்பார்கள், அந்த 455 கிலோஹெர்ட்ஸுக்கு ட்யூன் செய்த சுருள்கள் உள்ளே இருக்கும். கை நமநமக்கும், திருகிப் பார்க்கலாம் என்று தோன்றும். வேண்டாம். தொடாமல் விட்டால் ஐம்பது வருஷமானாலும் பெரிதாக நகராத செட்டிங் அது. பக்கத்துத் தெருக் கடைக்காரர் ஒருவர் இந்தத் திருகுகள் லூசாக இருக்கின்றன என்று எல்லாவற்றையும் இறுக்கிக் கொடுத்த பெட்டி ஒன்று என்னிடம் வந்தது, சிக்னல் ஜெனரேட்டர் இரவல் வாங்கி இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தேன்.

ம்ம்ம் என்ற உறுமல்

வால்யூமை முழுவதும் குறையுங்கள். உறுமல் அப்படியே இருக்கிறதா? ஃபில்டர் கன்டென்சர் காய்ந்துவிட்டது. வால்யூமோடு சேர்ந்து கூடிக் குறைகிறதா? வால்யூம் கன்ட்ரோலுக்குப் போகும் கவச வயர் எங்கோ எர்த் விட்டிருக்கிறது, ஈயம் வைத்த இடங்களைப் பாருங்கள்.

ஃபில்டர் கன்டென்சர் என்பது சேஸிஸ் மேலே நிற்கும் அலுமினிய டப்பா, அதற்குள்ளேயே 32 + 32 அல்லது 50 + 50 மைக்ரோஃபாரட் என்று இரண்டு இருக்கும். உள்ளே இருக்கும் ரசாயனக் கூழ் வருஷங்களில் உலர்ந்து, கொள்ளளவு போய், ஏசியின் அலையை வடிகட்ட முடியாமல் ஸ்பீக்கருக்கு விட்டுவிடுகிறது. மாற்ற வேண்டியதுதான், வேறு வைத்தியம் கிடையாது. 47 மைக்ரோஃபாரட், 450 வோல்ட், 105 டிகிரி என்று கேட்டு இரண்டு வாங்குங்கள். சென்னை என்றால் ரிச்சி தெருவில் ஒரு நடை போதும்.

வேலைக்கு முன் பிளக்கை எடுத்துவிட்டு, 10 கிலோ ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை பிளஸ் முனைக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஐந்தாறு விநாடி பிடியுங்கள், பிறகு மீட்டரில் பூஜ்யம் வந்துவிட்டதா என்று பாருங்கள். நடுவில் ஸ்க்ரூ டிரைவரை வைத்து டமார் என்று தீப்பொறி பறக்க விடுவது வீரம் இல்லை. புதியதை சேஸிஸ் அடியில் கட்டி, பழைய டப்பாவின் வயர்களைப் பிரித்துவிடுங்கள், டப்பா மட்டும் மேலே பார்வைக்கு நிற்கட்டும். பழையதற்கு இணையாகப் புதியதைப் போடுவது பலர் செய்யும் தவறு, பழையது கசிந்துகொண்டே சூடாகி ஒருநாள் வெடிக்கும். பெரியது போட்டால் இன்னும் நல்லது என்று 220 மைக்ரோஃபாரட் போடுவதும் தவறுதான். இஇசட்80 மாதிரி, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர் வால்வுக்கு முதல் கன்டென்சர் 50 மைக்ரோஃபாரட்டுக்கு மேல் போகக்கூடாது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் பெரிய கன்டென்சர் இழுக்கிற கரண்ட் அதன் ஆயுளைக் குடித்துவிடும்.

பத்து நிமிடம் நன்றாகப் பாடி, பிறகு தொண்டை கட்டிக்கொள்கிறது

எனக்குப் பிடித்த கோளாறு இது, பத்து ரூபாயில் தீர்ந்து பெரிய பெயர் வாங்கிக் கொடுக்கும். முதல் ஆடியோ வால்விலிருந்து கடைசி வால்வுக்குப் பாட்டைக் கடத்த நடுவில் ஒரு சின்ன கன்டென்சர் இருக்கும், 0.01 அல்லது 0.022 மைக்ரோஃபாரட். அந்தக் காலத்தில் மெழுகு தடவிய காகிதத்தில் செய்தார்கள். காகிதம் நம்ம ஊர் ஈரத்தைக் குடித்துக் கசிய ஆரம்பித்தால், பாட்டோடு சேர்ந்து கொஞ்சம் டிசி வோல்டேஜும் கடைசி வால்வின் கிரிட்டுக்கு, அதாவது அதன் கரண்டைக் கட்டுப்படுத்தும் முனைக்கு, வந்துவிடும். வால்வு தேவைக்கு மேல் கரண்ட் இழுக்கும், சூடாகும், சூட்டில் கசிவு கூடும், குரல் உடையும். கடைசியில் வால்வும் அவுட்புட் டிரான்ஸ்பார்மரும் ரெக்டிஃபயரும் வரிசையாகப் போகும்.

சோதனை எளிது. செட் சூடான பின் மீட்டரின் கறுப்பு முனை சேஸிஸில், சிவப்பு முனை இஎல்84 என்றால் 2ஆம் பின்னில், இசிஎல்82 என்றால் 3ஆம் பின்னில். பூஜ்யம் காட்ட வேண்டும், அல்லது லேசாக மைனஸ். பிளஸில் ஒரு வோல்ட் ஏறினாலும் அந்த கன்டென்சரை வெட்டிப் போட்டு 630 வோல்ட் பாலியெஸ்டர் கன்டென்சர் வையுங்கள். ஒரு கையைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு அளப்பது பழைய மெக்கானிக்குகளின் வழக்கம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. யு வகை செட்டில் செட்டைத் திறந்துவைத்து ஓடவிட்டு அளப்பதை, மெயின்ஸிலிருந்து செட்டைப் பிரித்து வைக்கும் ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நான் செய்வதில்லை, நீங்களும் செய்யாதீர்கள். அதில் அளக்காமலேயே அந்த ஒரு கன்டென்சரை மாற்றிவிடலாம், எப்படியும் கெட்டுத்தான் இருக்கும்.

திறந்ததோடு மெயின்ஸ் வயருக்கு நடுவே பாலம் போட்டிருக்கும் காகித கன்டென்சரையும் மாற்றுங்கள். அது வெடித்தால் வீடு முழுவதும் நாறும். எக்ஸ்2 வகை, 275 வோல்ட் ஏசி என்று எழுதியிருப்பதைத்தான் அங்கே போட வேண்டும், சாதாரண வகை கூடாது.

குரல் உடைவது ஆரம்பத்திலிருந்தே, அதுவும் கட்டைக் குரலில் மட்டும் என்றால் ஸ்பீக்கர் காகிதம் உரசுகிறது. விரல்களால் கூம்பை மெதுவாக அமுக்கினால் சரக் சரக் என்று தெரியும்.

குமிழைத் திருகினால் கரகர

வால்யூம் என்றால் உள்ளே அழுக்கு. கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயை கன்ட்ரோலின் சின்ன ஓட்டை வழியாக ஒரு சொட்டு அடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு இருபது முப்பது தடவை திருகுங்கள். தேங்காயெண்ணெயும் தையல் மிஷின் எண்ணெயும் இன்று நன்றாகத்தான் இருக்கும், ஆறு மாதத்தில் தூசியைப் பிடித்துக் களிம்பாகிவிடும். ஒரு பேண்ட் மட்டும் வரவில்லை, குமிழைக் கொஞ்சம் தட்டினால் வருகிறது என்றால் பேண்ட் சுவிட்சுக்கும் இதே மருந்து, செட் அணைந்திருக்கும்போது.

ஸ்டேஷன் குமிழில், டயலின் ஒரே இடத்தில் மட்டும் கரகரத்தால் ஸ்டேஷன் மாற்றும் கேங் கன்டென்சரின் தகடுகள் ஒன்றையொன்று தொடுகின்றன. பெரும்பாலும் நடுவில் தூசி, அல்லது ஒரு பூச்சி. ஊதிவிடுங்கள், தகட்டை வளைக்காதீர்கள்.

குமிழ் சுற்றுகிறது, முள் நகரவில்லை

டயல் கயிறு அறுந்தது அல்லது வழுக்குகிறது. வழுக்கினால் கொஞ்சம் குங்கிலியப் பொடி தடவிப் பாருங்கள். அறுந்திருந்தால், எஞ்சிய கயிற்றை உருவுவதற்கு முன் போனில் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள், எந்தக் கப்பியில் எத்தனை சுற்று என்பது பிறகு எந்தச் சாமிக்கும் தெரியாது. தூண்டில் நரம்பு வேலைக்கு ஆகாது, வழுவழுவென்று ஓடிவிடும், பின்னிய நைலான் நூல்தான் பிடிக்கும். நடுவில் இருக்கும் சின்ன ஸ்பிரிங் கயிற்றை எப்போதும் இழுத்துப் பிடிக்க வேண்டும், அதை முழுவதும் நீட்டிக் கட்டிவிடாதீர்கள்.

டிரான்சிஸ்டர் செட்டாக இருந்தால்

முதல் வேலை பேட்டரிக் குழி. கட்டை கசிந்து பச்சை, வெள்ளையாகப் பூத்திருந்தால் பழைய பல்துலக்கியில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறோ வினிகரோ தொட்டுத் தேய்த்து, சுத்தத் துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். வயர் முனைக்குள் அரிப்பு ஏறியிருந்தால் தேய்த்துப் பலனில்லை, வெட்டிப் புதிதாக ஈயம் வைக்க வேண்டும்.

சத்தமே இல்லை என்றால் எதையும் பிரிக்காமல் இயர்ஃபோன் பின்னை அதன் துளையில் பத்து தடவை சொருகி எடுங்கள். உள்ளே இருக்கும் தகடு ஒட்டாமல் நின்றுவிட்டால் செட் ஸ்பீக்கரை மறந்துவிடும், இதற்குப் போய் ஐ.சி. மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

வால்யூம் கூட்டினால் டுபு டுபு டுபு என்று மோட்டார் படகு போல ஓசை வந்தால் கட்டை தீர்ந்துவிட்டது. புதுக் கட்டையிலும் அப்படி என்றால் பேட்டரிக்கு இணையாக இருக்கும் 100 மைக்ரோஃபாரட் சுமாருள்ள கன்டென்சரை மாற்றுங்கள்.

அறுபதுகளின் செட் என்றால் ஜெர்மானியம் டிரான்சிஸ்டர், பலவற்றில் பிளஸ்தான் எர்த். பேட்டரிக்குப் பதில் மெயின்ஸில் ஓட்டும் எலிமினேட்டர் மாட்டும்போது இதைக் கவனிக்காமல் விட்டால் ஒரு நொடியில் எல்லாம் போகும், குழியில் போட்டிருக்கும் குறியைப் பார்த்து மட்டும் வயர் கொடுங்கள். எலிமினேட்டரும் கையில் கனக்கிற டிரான்ஸ்பார்மர் வகையாக இருக்கட்டும், போன் சார்ஜர் வகை வேண்டாம், மேலே சொன்ன கரகரப்பை நீங்களே காசு கொடுத்து வாங்கிய மாதிரி ஆகிவிடும். ஏஎஃப்117 என்று எழுதிய டிரான்சிஸ்டர் உள்ளே இருந்து செட் ஊமையாக இருந்தால், டப்பாவுக்குள் தகர இழை முடி மாதிரி வளர்ந்து உள்ளே இருப்பதோடு ஒட்டியிருக்கும். நான்கு கால்களில் டப்பாவோடு சேர்ந்த கவசக் காலை மட்டும் வெட்டிவிட்டால் பல நேரம் எழுந்து பாடும்.

எல்லாம் சரியாகிவிட்டது, கேட்கத்தான் ஒன்றும் இல்லை

வால்வு செட்டின் பின்னால் பிக்கப் சாக்கெட் இருக்கிறதே, கிராமஃபோனுக்காக வைத்தது, அதில் இன்றைக்குப் போனைப் பேச வைக்கலாம். போனின் இடது, வலது இரண்டு வயர்களையும் நேராகச் சேர்க்காமல், ஒவ்வொன்றிலும் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டு, மறுமுனைகளை ஒன்றாக்கி, நடுவில் 600க்கு 600 ஓம் ஆடியோ டிரான்ஸ்பார்மர் ஒன்று வைத்து சாக்கெட்டில் கொடுங்கள். பவர் டிரான்ஸ்பார்மர் உள்ள செட்டுக்கு மட்டும்தான் இது. யு வகை செட்டில் போன் மாட்ட வேண்டாம், சேஸிஸின் பேஸ் உங்கள் காதுக்கு வந்துவிடும், அதற்கு வழி சொல்லச் சொல்லி யார் கேட்டாலும் நான் சொல்வதில்லை.

போனுக்குப் பதில் இருநூறு ரூபாய் பாக்கெட் எஃப்.எம். ரேடியோவின் இயர்ஃபோன் துளையிலிருந்தும் இதே வயரைக் கொடுக்கலாம். சென்னையில் ஆகாசவாணியின் எஃப்.எம். நிலையங்கள் 101.4, 102.3 இரண்டையும் அந்தப் பெரிய மரப்பெட்டியின் ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள், இளையராஜா பாட்டில் பேஸ் கிடார் சுவரோடு வரும். ஐந்து வால்வு செட் 40, 50 வாட் இழுக்கும், சூடும் ஆகும், அதனால் பின்பலகையின் ஓட்டைகளுக்கும் சுவருக்கும் நடுவே நாலு விரல் இடம் விட்டு வையுங்கள், ஆளில்லாத வீட்டில் ஓடவிட்டுப் போகாதீர்கள். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் வயரைப் பிடுங்கிவிட்டு மத்திய அலைக்கு மாற்றினால், டயலில் நான் அழித்த ஊர்கள் எங்கே இருந்தன என்று இப்போதும் காதால் தேடிக்கொண்டிருப்பேன். கொழும்பு இருந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருக்கிறேன், வெளிப்பக்கமாக.